கவிழ்த்த பெட்டிகள்

ஜூன் 9
வாய் மூடி இருந்தது போதும். மண்டி வியாபாரி லால் பாஷா இன்றும் என் தக்காளிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சிமெண்டுத் தரையில் கவிழ்த்துப் பார்த்தார். கவிழ்த்ததில் வெடித்த பழத்தை அவரே ஒதுக்கி, "இது ஆகாது சார்" என்றார். எம்.ஏ. படித்தவன் என்பதால் 'சார்'. அந்த மரியாதையிலும் ஒரு குத்தல். என் தம்பி முனிவேல் சிரித்துக்கொண்டு நின்றான். நிலத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து நான் தோற்கிற இடமெல்லாம் அவன் இருக்கிறான்.

விவசாயிகளின் முகநூல் குழுவில் எழுதப் போகிறேன். லால் பாஷா பெயரைப் போட்டே.

ஜூன் 10
ஒதுக்கிய பழம் வீட்டுக்குத் திரும்பியது. மூன்று வேளையும் அதுதான் குழம்பு. வேறு காய் வாங்க வேண்டுமென்றால் இது விற்க வேண்டும். "கத்திரிக்காய்ன்னு ஒன்னு இருந்துச்சே, ஞாபகம் இருக்காப்பா?" என்றாள் மகள் வினிதா.

ஜூன் 12
ஏன் கவிழ்க்கிறீர்கள் என்று நேராகவே கேட்டேன். லால் பாஷா என் பெட்டி ஒன்றைக் கவிழ்த்தார். மேலே இருந்தது கைக்கு அடங்காத பழம். அடியில் கோலிக்குண்டு அளவில் காய்கள். கீறல் விட்டவை நீர் கசிந்து பக்கத்துப் பழத்தையும் அழுக வைத்திருந்தன.

"மேலாப்புல பாத்தா ஊர்ல எல்லாரும் யோக்கியந்தான் சார்."

பெட்டி அடுக்குவது என் மனைவி சரிதா. வீட்டில் கத்தினேன். அவளும் விடவில்லை.

"ஊரே முகப்புக்கு நல்லத வெக்குது. அவரு எப்படியும் கொட்டி ஒடைக்கத்தான போறாரு? நல்லத அடியில வெச்சு அதையும் நசுக்கச் சொல்றீங்களா?"

அவர்கள் கொட்டுவதால் நாம் மறைக்கிறோமா, நாம் மறைப்பதால் கொட்டுகிறார்களா? யார் மேல் கோபப்படுவது? கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 15
நானே தரம் பிரித்து அடுக்கினேன். மேலிருந்து அடிவரை ஒரே பழம். கொட்ட வேண்டாம் என்று கெஞ்சாத குறை. "உங்களுக்கு மட்டும் கொட்டலன்னா மத்தவங்க என்னை உரிச்சிருவாங்க" என்று கவிழ்த்தார். நன்றாகப் பழுத்தது — அதனால் இன்னும் அதிகம் வெடித்தது.

ஜூன் 16
முகநூல் பதிவை எழுதுகிறேன், அழிக்கிறேன்.

ஜூன் 18
பறித்து முடித்து நானே அடுக்கினேன். ஒரு பெட்டியைக் கட்டும்போதுதான் கவனித்தேன் — கீறல் விட்டதெல்லாம் அடியில், பெரிய பழம் மேலே. என் கைதான் வைத்திருக்கிறது. சரிதா பார்த்தாள். பிரித்து அடுக்கலாமா? அடுக்கவில்லை. வண்டியில் ஏற்றினேன்.

பதிவில் லால் பாஷா பெயரை எடுத்துவிட்டேன். கொட்டுவதையும் எழுதியிருக்கிறேன், அடியில் வைப்பதையும். நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த பறிப்பும் அவரிடம்தான் போக வேண்டும். எழுதியவர் பெயரை மறைத்துப் போடும் வசதி அந்தக் குழுவில் உண்டு. என் பெயரையும் மறைத்தே போடுகிறேன்.