கிணத்துக் குழாய்ல கட்டின சிவப்புத் துணி

பொழிச்சலூர்,
சனிக்கிழமை.

என் அன்பு மகள் டெபோராவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால நானும் அப்பாவும் இருக்கோம், சுகம்னு எழுதத்தான் கை வரலை. கௌஹாத்தியில நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற பிள்ளையும் நல்லா இருக்கணும்னு ஜெபிக்கிறேன். கால் வீக்கம் வடிஞ்சுதா? உப்பைக் குறை, ஊறுகாய் பக்கமே போகாதே. போன்ல பேசலாம்னா உங்க அப்பா ஸ்பீக்கர்ல போடுன்னு பக்கத்துல வந்து உக்காந்துக்கிறார், அதான் கிரைண்டர்ல மாவைப் போட்டுட்டு எழுதுறேன்.

ஆத்தோரத் தெரு தபீதாளோட மருமக, உன் கல்யாணத்துக்குப் பூ கட்டிக் கொடுத்த பொண்ணு, போன மழைக்கு மஞ்சக் காமாலையில போயிட்டாளே, உன்னை மாதிரியே ஏழு மாசம். அதுக்கப்புறம்தான் தபீதாளும் இன்னும் சில பொம்பளைங்களும் சேந்து தண்ணி பாக்க ஆரம்பிச்சாங்க. சின்ன பாட்டில், உள்ளே மருந்துத் தாள், தண்ணியை ஊத்தி வெதுவெதுப்பான இடத்துல வச்சா, சாக்கடை கலந்திருந்தா கறுத்துப்போகும். கறுத்தா அந்தக் கிணத்துக் குழாய்ல சிவப்புத் துணி கட்டிடுவாங்க. ஒரு தெருத் தண்ணிக்கு அடுத்த தெருக்காரங்கதான் துணி கட்டணும், கட்டினவங்கதான் அவுக்கணும், அதுதான் அவங்க போட்ட கட்டுப்பாடு. மூஞ்சி பாத்து விட்டுடக் கூடாதுல்ல. அதுலேர்ந்து அந்தத் தெருவுல காமாலைங்கிற பேச்சே இல்லை.

வியாழக்கிழமை நம்ம கிணத்துல கட்டிட்டாங்கடி. பின்னாடி புது ஃபிளாட்டுக்கு நம்ம மதிலை ஒட்டி செப்டிக் டேங்க் தோண்டினப்பவே எனக்குப் பக்குன்னுச்சு. தபீதாள் என் முகத்தையே பாக்கலை, சார் வீட்டுக் கிணறாச்சேன்னு திரும்பத் திரும்பப் பாத்தேன்க்கா, எல்லாம் கறுத்துடுச்சுன்னு சொல்லிட்டுப் போனா. உங்க அப்பாவுக்கு வந்துதே கோவம்! தண்ணிப் பஞ்சத்துல இந்த ஏரியாவே நம்ம கிணத்துலதான் குடிச்சுது, ஹெட்மாஸ்டர் கிணறுன்னா தேன்னுவாங்க, வருஷா வருஷம் நம்ம சபைக் கோயில் அசன விருந்துக்கு இங்கேருந்துதான் தண்ணி போகும். அந்தப் பெருமை அவருக்கு. அன்னைக்கே துணியை அவுத்து, அதாலேயே ஸ்கூட்டரைத் துடைச்சார்.

நாளைக்கு அசனம், இதே தண்ணியைத்தான் அனுப்புவாராம். சபையும் ஆத்தோரத் தெரு ஜனமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடும். அடுப்புல கொதிச்சா எல்லாம் செத்துடும், நீ வாயை மூடுன்றார். சோறு கொதிக்கும், குடிக்கிற தண்ணி கொதிக்குமா? பிள்ளைங்களுக்குக் கரைக்கிற சர்பத்து கொதிக்குமா? அடுத்த மாசம் நம்ம டெபோரா வந்து நிப்பாளே, அவளுக்கு இதைக் கொடுப்பீங்களான்னு கேட்டேன். டிரம்மைக் கழுவப் போயிட்டார். இன்னைக்குக் காலையில பாக்குறேன், பிரஷர் மாத்திரை போட கேன் தண்ணியை ஊத்திக்கிறார். அய்யோ பாப்பா, வீம்புல பண்றார்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், அவர் தெரிஞ்சே பண்றார். ஒரு வாளி இறைச்சுப் பாத்தேன், தண்ணி பளிச்சுன்னு தெளிவா இருக்கு, வாசனைகூட இல்லை. அதைப் பாத்தாத்தான் இன்னும் பயமா இருக்கு.

பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வராதேன்னு எந்தத் தாயாவது எழுதுவாளா? நான் எழுதுறேன். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடு, நான் அங்கே வரேன். தண்ணியைக் காய்ச்சியே குடி, மறந்துடாதே. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் உள்ளங்கையில வச்சுக் காப்பாராக.

உன் அம்மா,
ஜெயசீலி

பி.கு. கவரை ஒட்டுறதுக்குள்ள கிணத்து மோட்டார் சத்தம் கேட்டுது. ஓடிப்போய் நிறுத்தினேன், மூணாவது டிரம்மைப் பிடிச்சுக்கிட்டிருந்த கோயில் பையன் சொன்னான். அதுக்குள்ள ரெண்டு டிரம் கோயிலுக்குப் போயிடுச்சாம், உங்க அப்பாவும் கூடவே போயிருக்கார். அந்தத் துணி அழுக்கோட ஸ்கூட்டர் மேலதான் கிடக்குது, எடுத்துக்கிட்டுக் கிளம்புறேன். சபையில இதுவரைக்கும் நான் வாய் திறந்ததில்லை. ஆனா கோயில் நம்ம தெருவுல இல்லையே, டிரம்ல நான் கட்டலாம். கட்டினா நான்தான் அவுக்கணும்.