வெயில் பக்கம் செல்லுங்கள்

ஏப்ரல் 3
மேல்சட்டை தயார். முதுகில் சூரியத் தகடு, நெஞ்சில் கையகலக் கணினி. பார்சல் கொண்டுபோகிறவர்களுக்கு அது வழி சொல்லும், சார்ஜரே வேண்டாம். குரலுக்கு வெளியாள் எதற்கு என்று மேலாளர் என்னையே பேசவைத்துப் பதிந்துகொண்டார். சோதித்துப் பார்க்கவும் வெளியாள் எதற்கு? பார்சல் கம்பெனியில் என் தங்கை இருக்கிறாளே.

ஏப்ரல் 5
மதியத்துக்குள் கணினி அணைந்துவிட்டதாம். நிழலில் நடந்தாளாம். வெயிலில் ஓடும் கருவியை மாட்டிக்கொண்டு நிழலில் நடந்தால்? படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன்.
“வெயில் அடிச்சா யாரா இருந்தாலும் நிழல்லதான்க்கா நடப்பாங்க” என்றாள்.
இது எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏப்ரல் 8
வழி கண்டுபிடித்துவிட்டேன். சார்ஜ் குறைந்தால் “வெயில் பக்கம் செல்லுங்கள்” என்று கணினியே சொல்லும். என் குரலில். மேலாளர் கைகொடுத்தார். வீட்டிலும் உன் பேச்சு, ரோட்டிலும் உன் பேச்சா என்று தங்கை அலுத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 9
நாள் முழுக்க அணையவில்லை.

ஏப்ரல் 12
தங்கை ரோட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். ஒரு தையல்காரர் கடைக்குள் தூக்கிப்போய்த் தண்ணீர் தெளித்திருக்கிறார். நான் போனபோது சட்டை நாற்காலியில் தொங்கியது. கடைக்குள் ஏது வெயில் — அது விடாமல் வெயில் பக்கம் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.
“யாரும்மா இந்தப் பொம்பள, ஈவிரக்கமே இல்லாம?” என்றார் தையல்காரர்.
நான்தான்னு எப்படிச் சொல்றது?
மேலாளர் ரொம்ப வருத்தப்பட்டார். பிறகு, கணினிக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார்.

ஏப்ரல் 13
பேசமாட்டேன் என்கிறாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

ஏப்ரல் 15
சட்டையை நானே போட்டுக்கொண்டு அவள் தெருக்களில் நடந்தேன். மரத்தடியில் நிற்க விட்டால்தானே? என் குரலே என்னை விரட்டியது. இவ்வளவு அதிகாரமாவா பேசுறேன் நான்? உச்சி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யார் வீட்டுப் படியிலோ உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 16
அந்தக் கட்டளையை நீக்கிவிட்டேன். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றார் மேலாளர். தங்கையைக் கேட்டு என்றேன். பொய். அவள்தான் வாயே திறக்கவில்லையே.

ஏப்ரல் 22
சட்டைத் திட்டம் மூட்டை கட்டப்பட்டது. என்னைத் தோட்ட விளக்குப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார்கள். தங்கை இன்றுதான் வேலைக்குப் போய்வந்தாள். கால் கழுவிவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.
“வேற எடத்துல போட்டுட்டாங்களாமே?”
“தோட்ட விளக்கு. அதுக்கும் வெயில்தான் வேணும்.”
“பரவால்ல. அது மயங்காது” என்றாள்.
பிறகு இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டாள். பிடித்துவிட்டேன்.