தர்ஷினிக்கு வாசிக்கத் தெரியுமா?

என் செல்ல நாத்தனார் செல்விக்கு,

நீ இருந்தவரை உன்னை ஒருநாளும் செல்லம் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் "என்ன அண்ணி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருப்பாய். உன் அண்ணன் நன்றாக இருக்கிறார். பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. சாயங்காலம் நீ போன் பண்ணும் நேரத்துக்கு இன்னும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு செய்தி. உன் மூன்றாம் வகுப்பு இப்போது என்னிடம். புது டீச்சர் வரும்வரை குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உன் பள்ளிக்கூடத்துக்கு என்னை மாற்றுப் பணியில் அனுப்பியிருக்கிறார்கள். தினமும் கடலூரில் வடலூர் பஸ் ஏறி வருகிறேன். வகுப்புக்குள் நுழைந்த முதல் நாள் அழுதுவிடக் கூடாதே என்று பிள்ளைகளிடம் வீண் அதட்டல் போட்டேன்.

வந்த கையோடு வாசிப்புச் சோதனை. உனக்குத் தெரியாததா? ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு ஒரு சின்னக் கதையை வாசிக்கச் சொல்ல வேண்டும். எழுத்து மட்டும் தெரிந்தால் அரும்பு, சொல் வாசித்தால் மொட்டு, கதையே வாசித்தால் மலர் என்று போனில் பதிய வேண்டும். பெரும்பாலும் நீ போட்டபடிதான் வந்தது. தர்ஷினி ஒருத்தியிடம்தான் இடித்தது.

நீ அவளுக்கு மலர் போட்டிருந்தாய். என் முன்னால் வந்து நின்றாள். தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஓர் எழுத்துகூட வாயிலிருந்து வரவில்லை. மறுநாள் மிட்டாய் கொடுத்துக் கேட்டேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"வாயத் தொறக்கலன்னா அரும்புன்னு போட்டுட்டுப் போங்க டீச்சர். நாளைக்குள்ள ஏத்தணும்" என்றார் ஹெச்.எம். அரும்பு என்று போட்டால் அவள் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அ, ஆ எழுத வேண்டும். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை அங்கே தள்ளினால் அந்த வாய் இன்னும் இறுகிப்போகாதா? தெரியாத பிள்ளையை மலரில் விட்டாலும் அது பாவம் இல்லையா?

கோபித்துக்கொள்ளாதே, உன் மேல் சந்தேகம் வந்தது. உனக்குத்தான் கை தாராளமாயிற்றே. கேரம் ஆடும்போதே "பரவால்ல அண்ணி, இன்னொரு வாட்டி அடிங்க" என்று எனக்கு விட்டுக்கொடுத்தவள். ஒரு பிள்ளை மேல் பாசம் வந்தால் மலர் போட எவ்வளவு நேரம் ஆகும்? நானோ கறார். எனக்கு என் காதாலேயே கேட்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும் இடத்தில் தர்ஷினி பக்கத்தில் உட்காரும் கீர்த்தனாவைப் பிடித்தேன். "தர்ஷினி செல்வி டீச்சர்கிட்ட வாசிப்பாளா?"

"வாசிப்பா டீச்சர். அவுங்க போர்டு பக்கம் திரும்பிக்குவாங்க. அப்பத்தான் வாசிப்பா."

"அவளுக்காகத் திரும்பிக்குவாங்களா?"

"தெரியல டீச்சர். போர்டப் புடிச்சிக்கினு கொஞ்ச நேரம் அப்டியே நிப்பாங்க. திரும்பி வரச்சே கண்ணு செவப்பா இருக்கும்."

உன்னைக் கொண்டுபோன நோயின் வலி அப்போதே உனக்கு இருந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் மற்ற பிள்ளைகளை வெளியே விளையாட விட்டேன். தர்ஷினி கையில் தாளைக் கொடுத்து, போனைப் பைக்குள் போட்டுவிட்டு, போர்டைப் பார்த்து நின்றேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. திரும்பிவிடலாமா என்று கழுத்து துடித்தது. அப்புறம் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். "ஒரு... ஆடு... வாய்க்காலைத் தாண்டியது."

தட்டுத் தடுமாறித்தான் வாசித்தாள். ஆனால் விடாமல் வாசித்தாள். வாய்க்காலைத் தாண்டிய ஆடு குட்டியைக் காணாமல் திரும்பி வருவதோடு கதை முடிகிறது. முடித்துவிட்டுக் கேட்டாள்: "குட்டி கெடச்சிச்சா டீச்சர்?"

செல்வி, அந்தக் கதையை எத்தனையோ பிள்ளைகள் வாசித்தார்கள். கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஓடிய பிள்ளைகள் உண்டு. குட்டி என்ன ஆனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கறாரான எனக்கே அது தோன்றவில்லை. வாசிப்பு என்று இத்தனை வருஷமாக நான் எதை அளந்துகொண்டிருந்தேன்?

இன்னொரு கேள்வி, அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். தர்ஷினி வாசிக்கட்டும் என்றா திரும்பி நின்றாய்? இல்லை, வலி வரும்போது பிள்ளைகள் உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றா? வலிக்காகத் திரும்பப் போய், இவள் வாசிப்பதைக் கேட்டு, பிறகு தெரிந்தே திரும்பினாயா? எங்கள் யாரிடமும் கடைசிவரை நீ வலியைச் சொல்லவில்லை. நீ அதை மறைத்து நின்ற நேரத்தில் ஒரு பிள்ளைக்கு வாய் திறந்திருக்கிறது. எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, உன் மேல் ஆத்திரமாகவும் இருக்கிறது.

நீ போட்ட மலரை அப்படியே ஏற்றிவிட்டேன். ஹெச்.எம். சாரிடம், "நான் கேட்டேன் சார், வாசிக்கிறா" என்று சொன்னேன். என் கறார்தான் தெரியுமே, அவரும் சரியென்றார்.

ஆனால் பெரிய பள்ளிக்கூடத்தில் இவளுக்காக யார் முதுகைக் காட்டி நிற்பார்கள்? அதனால் இதைச் செய்யப்போகிறேன். வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் திரும்புவேன். புது டீச்சர் வந்தாலும் அனுமதி கேட்டு வாங்கி இந்த வருஷம் முழுக்க இங்கேயே இருப்பேன். உன் முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியாமல் போனது. என் முகத்தைப் பார்த்து வாசிப்பாள், நீ பாரேன்.

உன்னிடம் சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்
உன் அண்ணி,
மல்லிகா