டாக்காவில் இரண்டு வருடம்

ஜூன் 3, சிதம்பரம்
கல்லூரியில் இந்த வருடம் கௌரவ விரிவுரையாளர்கள் வேண்டாமாம். நாற்பத்தெட்டு வயதில் பயோடேட்டா எழுத ஏஐயிடம் உட்கார்ந்தேன். நான் வாங்காத விருது ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தது. அழித்தேன். இதை நம்பியா ஊரே வேலை தேடுகிறது?

ஜூன் 5
கீழ்வீட்டுப் பொன்னி, தன் கணவர் ரஃபிகுலுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னாள். இங்கே மெஸ் சமையல்காரர். வடக்கே பெரிய ஹோட்டலுக்கு முயல்கிறார். சொந்த ஊர் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "மேற்கு வங்காளத்துல மால்டா, மேடம். உங்க பண்ருட்டிக்குப் பலா, எங்க ஊருக்கு மாம்பழம்."
'அனுபவத்தைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டு' என்று ஏஐயிடம் கேட்டேன். 'டாக்காவில் இரண்டு வருடம்' என்று எழுதியது. அவர் நாட்டைத் தாண்டியதே இல்லை. ஆனால் ஃபாரின் என்றால் நம்மவர்களுக்குத் தனி மரியாதை. விட்டுவிட்டேன்.
இங்கிலீஷ் படிக்கத் தெரியாத ரஃபிகுல் கேட்டார்: "என்ன எழுதியிருக்கு மேடம்?"
"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

ஜூலை 9
ரஃபிகுல் வடக்கே ஹோட்டல் வேலையில் சேர்ந்துவிட்டார். எனக்குக் கடலூர்ப் பள்ளியொன்றில் நேர்காணல்.

ஜூலை 24
பொன்னி அழுதுகொண்டே மேலே வந்தாள். "அங்க வங்காளம் பேசுறவங்கள எல்லாம் போலீசு புடிக்கிறாங்களாம்க்கா. இவர பங்களாதேசுக்காரன்னு எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவுட்டுட்டாங்க. ஆதாரு, ஓட்டர் கார்டு எல்லாம் பொய்யாம். போன்ல இருந்த பயோடேட்டா மட்டும் நெசமாம்."
அவள் இறங்கிப் போனதும் போனில் அந்த டாக்கா வரியைத் தேடிப் படித்தேன்.

ஜூலை 25
எனக்கு எழுதின பொய்ய அழிச்சேனே. அவருக்கு எழுதினத ஏன் விட்டேன்? ஏஐ மேல பழியப் போட்டுடலாம்னு பாக்குறேன் — படிச்சுப் பாத்தது யாரு?

ஆகஸ்ட் 4, கடலூர்
பள்ளியில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் சேர வேண்டும்.
பொன்னியை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவளுக்காக வாதாடும் வக்கீல் சௌந்தரம் அம்மாவைத் தனியாகப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். ஏஐயோடு பேசியது போனில் அப்படியே இருந்தது. "இது போதும். ஆனா பொய்னு தெரிஞ்சே விட்டேன்னு நீங்க அஃபிடவிட் குடுக்கணும். பள்ளிக்கூடத்துக்குத் தெரிஞ்சா வேலைக்கு ஆபத்து, யோசிச்சுக்குங்க."
கையெழுத்துப் போட்டேன்.
திரும்பும் பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டும்போது பொன்னியிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சிதம்பரம் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகஸ்ட் 11
பள்ளியிலிருந்து போன். வர வேண்டாமாம்.

செப்டம்பர் 2
ரஃபிகுலைத் திரும்ப அழைத்து வரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பொன்னி வந்தாள். உள்ளே வரவில்லை, படியில் நின்றபடியே போனை நீட்டினாள்; எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ரஃபிகுல். அவரிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது.
"மேடம், உங்களுக்கு வேலை கெடச்சுதா?"
கிடைத்தது என்று சொல்லத்தான் வாய் வந்தது.
"இல்ல ரஃபிகுல். உங்க பயோடேட்டாவுல நான் என்ன பண்ணேன்னு சொல்றேன், கேளுங்க."
பொன்னி படியில் உட்கார்ந்தாள்.