நெஞ்சுப் படத்தின் வழியே சூரியன்

அக்கா,

இன்று காலை நம் வீட்டுப் பின்பக்கத்துச் செம்பனைத் தோப்பில் யாரோ புல்லுக்கு மருந்து அடித்தார்கள். நெடி மதில் தாண்டி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. சன்னலைச் சாத்தப் போனேன். கண்ணாடியில் நான் ஒட்டி வைத்திருக்கும் உன் எக்ஸ்ரே படத்தில் வெயில் விழுந்து, உன் விலா எலும்புகள் சிமெண்டுத் தரையில் வெளிச்சக் கோடுகளாகக் கிடந்தன. ஒரே சன்னலில் மருந்து நெடியும் உன் நெஞ்சும். சாத்திவிட்டு உட்கார்ந்தேன். உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆமாம், எழுதுகிறேன். நானேதான். என் மகன் குமார் சொல்லச் சொல்ல எழுதவில்லை, யாரும் என் கையைப் பிடிக்கவும் இல்லை. செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பைப் பிடித்துப் பழகிய விரல்களுக்குப் பேனா ரொம்பவும் லேசாக இருக்கிறது. அழுத்திப் பிடித்ததில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. கிழிந்தால் என்ன? எழுத்து என்னுடையது. ஒரு வரி முடிந்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். நான் நினைத்ததையே அது சொல்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் பாக்கி இருந்ததா என்று எனக்கே சிரிப்பு வருகிறது.

இந்தப் படத்தை நீ முதலில் எதற்குப் பயன்படுத்தினாய் என்று நினைவிருக்கிறதா? கிரகணத்தன்று. தோட்டத்தை விட்டு ஈஜோக்கில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகுதான் அது. கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது, சமைக்கக்கூடாது என்று எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. நீ மட்டும் அலமாரியிலிருந்து இந்தப் படத்தை உருவிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்றாய். தோட்டத்தில் நாம் அப்படித்தான் பார்ப்போம். கிளினிக்கில் கொடுத்த எக்ஸ்ரே படம் யார் வீட்டில் இருந்தாலும் கிரகணத்தன்று அது தெருவுக்கே சொந்தம். நெஞ்சின் கறுப்பான பக்கத்தைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாய். அடுத்த வீட்டுப் பார்வதி கதவிடுக்கில் இருந்து கத்தினாள்.

"உள்ள வாக்கா! கிரகணம் பிடிச்சுக்கும்!"

"இனிமே என்னாத்தப் பிடிக்கப்போவுது? நீ வந்து பாரு, என் நெஞ்சுக்குள்ள சூரியன் பிறை மாதிரி நிக்குது."

அன்று நானும் பார்த்தேன். உன் வலது நுரையீரலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று. அதைச் சுற்றிச் சிலந்தி கட்டியது போல மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகள் என்னவென்று அப்போது நமக்குத் தெரியாது. உனக்கு இருமல் மட்டும் இருந்தது. முதுகில் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு பழைய துணியோடு, கல்யாணம் காட்சி என்று எதற்கும் நிற்காமல் நீ அத்தனை வருடம் செம்பனை வரிசைக்குள் நடந்தாய். இருமல் வந்தால் வெந்நீர் குடித்தாய்.

பிறகு மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று. பிறகு வாசற்படி. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டே வருகிறது என்றார்கள். மருந்தால் வந்ததா, வேறெதனால் வந்ததா என்று உறுதியாகச் சொல்ல அவர்களால் முடியவில்லை. அங்கேதான் தேவிகா வந்தாள். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த பெண். எல்லோரும் அவளை டாக்டர் என்றார்கள். நீ அவளை மேலும் கீழும் பார்த்தாய்.

"டாக்டருன்னு சொல்றாங்க, ஊசியக் காணோம்?"

"நான் ஊசி போடுற டாக்டர் இல்ல ஆன்ட்டி. நட்சத்திரம் எப்படிப் பொறக்குதுன்னு படிச்ச டாக்டர்."

"அப்படியா? அப்ப என் ஜாதகத்தப் பாரு. எனக்கு எப்ப மூச்சு சரியாவும்னு சொல்லு."

"ஐயோ, ஜாதகம் தெரியாது ஆன்ட்டி."

"ஊசியும் தெரியாது, ஜாதகமும் தெரியாது. என்னா டாக்டர்லா நீ?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் கூட்டாளிகள். கணினித் திரையில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது உங்கள் நெஞ்சு என்று உன்னைக் கேட்டாள். இரண்டும் கறுப்பு வெள்ளை. இரண்டிலும் புகை, புகைக்குள் நூல் நூலாக ஏதோ. நீ யோசிக்காமல் இடது பக்கத்துப் படத்தைத் தொட்டாய்.

"அது வானத்துல இருக்கிற மேகம் ஆன்ட்டி. ரொம்பத் தூரம். அதுக்குள்ள நட்சத்திரம் பொறந்துக்கிட்டு இருக்கு."

நீ குனிந்து உற்றுப் பார்த்தாய். "அங்கயும் மருந்து அடிச்சிருக்கானுங்க போல" என்றாய்.

அவள் பொறுமையாகச் சொன்னாள். விண்வெளியில் வாயுவும் தூசியும் மிதக்கின்றனவாம். அவை இழை இழையாகச் சேர்கின்றன. இழை கனத்துப்போன இடத்தில் தன் பாரத்திலேயே உள்நோக்கிச் சுருங்கி, சூடேறி, நட்சத்திரம் பிறக்கிறது. அந்த இழைகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கலானவை. அவற்றைத் தேடிப் பிடிக்க அவளும் அவள் கூட்டாளிகளும் கணினிக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் நுரையீரல் ஸ்கேன் படம் ஒன்றைப் பார்த்தபோது, நுரையீரலில் விழும் தழும்பும் இப்படித்தானே நூல் நூலாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அதே வழியில் தேடினால், டாக்டர்களின் கண்ணுக்குத் தெரியும் முன்பே அதைப் பிடிக்க முடியுமா? அதுதான் ஆராய்ச்சி. அதற்கு உன் படங்களைக் கேட்டாள்.

எட்டிப் பார்க்க முடியாத மேகத்தில் தேடும் கண்ணால் ஒரு தோட்டக்காரியின் நெஞ்சிலும் தேடலாம் என்பது எனக்கு அன்றைக்கு நம்ப முடியாததாக இருந்தது. உனக்கு இல்லை. கிரகணத்தன்று நெஞ்சு வழியாகச் சூரியனைப் பார்த்த கதையை எடுத்துவிட்டாய். "நான் அப்பவே இந்த ஆராய்ச்சியப் பண்ணிட்டேன். நீதான் லேட்டு." அவள் பதறிப்போனாள். "அது கண்ணக் கெடுத்துடும் ஆன்ட்டி! இனிமே யாரும் அப்படிப் பார்க்கக் கூடாது!" என்று என்னையும் சேர்த்துத் திட்டினாள்.

பிறகு தாளை எடுத்தாள். தமிழில்தான் அச்சடித்திருந்தது. நம் இருவருக்கும் அது எறும்பு ஊர்ந்த மாதிரி. அவளே மெதுவாக வாய்விட்டுப் படித்தாள். ஓரிடத்தில் நிறுத்தி உன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இது உங்களுக்கு உதவாது ஆன்ட்டி. பின்னால வர்றவங்களுக்கு உதவலாம். உதவாமலும் போகலாம். அதத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க சம்மதிக்கணும்."

நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு மனப்பாடம். "நான் மருந்து அடிச்ச மரத்துப் பழத்த நானா தின்னேன்? எண்ணெயா எந்தெந்த ஊருக்கோ போச்சு. என் நெஞ்சும் போவட்டும்."

கட்டை விரலை மையில் வைத்து அழுத்தினாய். சாட்சிக்கு நானும் வைத்தேன். வெளியே வந்ததும் என் தோளில் இடித்தாய். "டேய் தம்பி, அந்தப் புள்ள சரியாத்தான் படிச்சிருக்கும். ஆனா ஒரு நாளைக்கு நீயே படிச்சிட்டு எனக்குச் சொல்லணும்."

"நானா? எனக்கென்னா தெரியும்?"

"தெரியலன்னா கத்துக்க. மரத்த அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்குது உனக்கு. கொஞ்சம் கீழ குனிஞ்சு தாளப் பாரு."

கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன். போகும் வழியில் ரோட்டோர ஒட்டுக்கடைக்காரன் "என்னா பெரியவரே, ஆபீஸ் கிராணி வேலைக்கு மனு போட்டாச்சா?" என்பான். "உன் கடையில எழுதியிருக்கிற விலைய நீ தப்பா சொல்றியான்னு பாக்கத்தான்" என்பேன். அவன் சிரிப்பை நிறுத்திவிடுவான். டீச்சர் அ-வுக்கு அம்மா என்று எழுதிக் காட்டினார். நான் அக்கா என்று எழுதினேன். டீச்சர் பார்த்துவிட்டு அடுத்த எழுத்துக்குப் போனார்.

நான் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தபோதே நீ போய்விட்டாய்.

உன் அஸ்தியைக் கோலா சிலாங்கூர் ஆற்று முகத்தில் கரைத்தோம். பதினாறாம் நாள் உன் துணிமணிகளை மூட்டை கட்டியபோது, இந்தப் படத்தையும் அதில் போடச் சொன்னார்கள். செத்தவர்கள் பொருளை வீட்டில் வைக்கக்கூடாதாம். ஒருத்தி உச்சுக் கொட்டினாள்: "பாவம், புள்ளக்குட்டி இல்லாம போயிட்டா. பேர் சொல்ல ஆளில்ல." நான் அவள் கையிலிருந்து படத்தைப் பிடுங்கிச் சன்னலில் ஒட்டினேன். "இத யாராவது தொட்டீங்கன்னா பாருங்க" என்றேன். யாரும் தொடவில்லை. குமார் மட்டும் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாயில்லாத பிள்ளையாக உன் மடியில் வளர்ந்தவன் அல்லவா?

சில மாதம் கழித்துத் தேவிகா கூப்பிட்டாள். ஆராய்ச்சி அடுத்த கட்டத்துக்குப் போகிறதாம். உன் படங்களைப் பெயர் இல்லாமல் வேறு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்ப வேண்டுமாம். நீ வைத்த கைநாட்டு அதற்குப் போதாது. குடும்பத்தில் ஒருவர் சம்மதிக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்துவிடுவோம் என்றாள். முதலில் நீ சம்மதித்த தாளையும் புதுத் தாளையும் சேர்த்து அனுப்பினாள். குமார் அதைக் கையில் வாங்கியதும் லோரி இஞ்சின் போலச் சூடாகிவிட்டான்.

"ஒன்னும் வேணாம்பா. அத்தைய காப்பாத்த முடியல. இப்ப படம் மட்டும் வேணுமா? நம்மாளுங்கன்னா சும்மா கெடைக்கிற சோதனை எலியா?"

"கேக்கத்தானே செய்றாங்க."

"என்னத்தையோ சொல்லி அத்தைக்கு ஆசை காட்டியிருப்பாங்க. பொழச்சுக்குவோம்னு நம்பித்தான் அவங்க கைய வச்சிருப்பாங்க. என்னா எழுதியிருக்குன்னே தெரியாம ரெண்டு பேரும் வச்சீங்க!"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. "குடுறா அந்தத் தாள" என்றேன். "நான் படிச்சிட்டுச் சொல்றேன்."

"நீங்களா? எப்ப முடியும்? அடுத்த தீபாவளிக்கா?"

"ஆனா ஆவட்டும்லா. அதுவரைக்கும் நீயும் வாயத் திறக்காத."

படித்தேன் அக்கா. விரலால் தடவித் தடவிப் படித்தேன். முதல் பக்கமே நாள்கணக்கில் இழுத்தது. 'பங்கேற்பாளர்' என்ற ஒரு சொல்லோடு ஒரு காலைப்பொழுது முழுக்க மல்லுக்கட்டினேன். விடவில்லை. அதில் ஒளிந்திருக்கும் பொய்யைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று குமாரைப் போலவே எனக்கும் ஒரு வெறி வந்திருந்தது. கடைசிப் பக்கம் வரை தேடினேன். பொய் எதுவும் இல்லை. அந்தப் பெண் உனக்குப் படித்துக் காட்டியதுதான் அச்சில் இருந்தது.

அன்று சாயங்காலம் குமார் சாப்பிட உட்கார்ந்தான். நான் எதிரில் உட்கார்ந்து பழைய தாளை விரித்து, உரக்கப் படித்தேன்: "இந்த ஆய்வினால்... உங்களுக்கு... நேரடிப் பலன்... கிடைக்காமல் போகலாம்."

சோற்றில் அவன் கை நின்றுவிட்டது.

"இது அத்தைக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். தெரிஞ்சுதான் வச்சா. உன் அத்தைய யாரும் ஏமாத்த முடியாதுடா. வேல வாங்குற மண்டோரே அவகிட்ட ஜாக்கிரதையாத்தான் பேசுவான்."

பழம் எண்ணெயாகப் போனதாக நீ சொன்னதையும் சொன்னேன். அவன் தலையைத் தூக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தான். பிறகு, "வியாழக்கிழமை எனக்கு லோரி ஓட்டம் இல்ல" என்று மட்டும் சொன்னான்.

வியாழக்கிழமை போனோம். வழி நெடுக இருந்த தமிழ்ப் பலகை ஒவ்வொன்றையும் நான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். முடி திருத்தும் நிலையம், வாழை இலை உணவகம், பூக்கடை. "போதும்பா, தலை வலிக்குது" என்றான். நான் நிறுத்தவில்லை.

தேவிகா மைப் பெட்டியைத் தயாராக வைத்திருந்தாள். அதை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். "பேனாவக் குடுமா" என்றேன். அவள் குமாரைப் பார்த்தாள். குமார் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து எனக்குத் தந்தான். என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது. அங்கே மூன்று எழுத்து போட்டேன்: தம்பி. உன் பெயர் போகாத ஊர்களுக்கெல்லாம் உன் நெஞ்சு போகப்போகிறது. பேர் சொல்ல ஆளில்லை என்றவள் வந்து பார்க்கட்டும்.

அந்த வேலை கடைசியில் பலிக்குமா என்று தேவிகா இன்னும் உறுதி சொல்லவில்லை. கணினி சில தழும்புகளைச் சரியாகப் பிடிக்கிறதாம், சிலவற்றை விட்டுவிடுகிறதாம். விடட்டும். மறுபடி தேடட்டும். நட்சத்திரம் என்ன ஒரே நாளிலா பிறக்கிறது?

திரும்பும்போது ஒரு முச்சந்தி விளக்கில் நின்றோம். குமார் எதிரிலிருந்த பலகையைக் காட்டி, "பா, அதுல என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டான். அவன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். பச்சை விளக்கு விழுந்து பின்னால் ஹாரன் அடித்தபோதும் நான் படித்து முடிக்கும் வரை அவன் வண்டியை எடுக்கவில்லை.

நெடி இப்போது அடங்கிவிட்டது. சன்னலைத் திறந்துவிட்டேன். வெயில் நகர்ந்து, உன் விலா எலும்புகள் இந்தத் தாளின் மேலேயே ஏறி வந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டபடி நானே படித்துவிட்டேன், அக்கா. அந்தப் புள்ள சரியாகத்தான் படித்தாள். தாளின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: சம்மதம் தந்தவர் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். அதையும் எழுத்துக்கூட்டி, இரண்டு தடவை நன்றாகப் படித்தேன்.

விலகவில்லை.