பையை வெறுமையாக அனுப்புகிறேன்

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள், உம்மாவின், நம்மட மகள் றுஸ்தாவின் சுகத்தைக் கண்டியில் இருந்தபடி ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். பிந்தி எழுதுவதற்குக் கோபிக்காதீங்க. போனில் மகளின் குரல் கேட்டால் அழுகை வருகிறது, அதனால்தான் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. திங்கட்கிழமை பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடத்தது. கம்பஸ் டாக்டர் பார்த்துவிட்டு, நோய் இல்லை, உறக்கமும் சாப்பாடும்தான் இல்லை என்றார். படிப்பை விட்டு ஊருக்கே வந்துவிடப் பையைக் கட்டினேன்.

அறையில் கூட இருக்கும் யூஜினி, நம்மட கல்முனைப் பிள்ளை, விடவில்லை. "உன்ட மகள் அங்க நல்லா உறங்குது. நீதான் இஞ்ச தலகணியத் தட்டித் தட்டி முழிச்சிருக்காய். எழும்பு, நடந்திட்டு வருவம்" என்று, விடியச் சுபஹு தொழுத கையோடு மலைக்கு இழுத்துப் போனாள்.

மச்சான், மேலே ஏறித் திரும்பினால் மேகமெல்லாம் எங்கள் காலுக்குக் கீழே கிடந்தது. கரையில்லாத வெள்ளைக் கடல், சத்தமே இல்லை. அதற்குள்ளிருந்து சூரியன் எழும்பியது. சுப்ஹானல்லாஹ் என்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, நெஞ்சு படபடக்க மறந்திருந்தது. இறங்கி வந்து வயிறு நிறைய இடியப்பம் சாப்பிட்டு, பகல் முழுக்க உறங்கினேன். இப்போது தினமும் நடக்கிறோம். மிச்சப் பரீட்சையையும் எழுதுவேன்.

யூஜினி சனி ஞாயிறுக்கு ஊருக்கு வருகிறாள். கட்டிய பையை அவிழ்த்து, வெறுமையாக அவளிடம் கொடுத்துவிடுகிறேன். உம்மாவிடம் சொல்லிக் கருவாட்டுச் சம்பல் போட்டு அனுப்புங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சென்று அவள் வாசலில் நின்று கத்துகிறாள். இன்னும் ஒன்று: மகள் உடுத்த சட்டை ஒன்றையும் பையில் வைங்க. கழுவ வேண்டாம்.

உங்கள் பஹ்மிதா