நான் வாசிக்காத பக்கம்

அப்பா,

இன்று காலை ரெனான் நிலையத்தில் மெட்ரோ ஏறியபோது பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடமிருந்து தைல மணம் வந்தது. வலத் தோளில் நீங்கள் பூசிக்கொள்ளும் அதே மணம். இரண்டு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடந்தேன். நீங்கள் இறந்து ஒரு வருடமாகிறது. உங்களை அன்போடு நினைக்க எனக்கு இன்னும் வரவில்லை.

அந்தத் தோள் இங்கிலாந்தில் ஒரு கவுண்டி கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியது. ஒரே கோடைகாலம். அவர்கள் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. சித்தப்பா இருந்த, பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்கு வந்து ஓட்டல் சமையலறையில் சட்டி கழுவினீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மறுபடி பந்துவீச்சாளர். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவரின் விலா எலும்பைப் பார்த்து வீசுவீர்கள். அவர் குனிந்து மூச்சுக்குத் திணறும்போது, "நோகுதோ? கவுண்டியிலை இதுக்குப் பேர் மெதுப்பந்து" என்பீர்கள். பிறகு அந்தப் பழைய பெருமை: "ஒரே நாளிலை ஏழு வெள்ளையளை வெளியிலை அனுப்பினனான்."

வீட்டில் உங்கள் இலக்கு நான். எனக்கு ஒன்பது வயதில், பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. உங்களுக்குப் பிரெஞ்சு வராது, நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மகள் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்று ஆசிரியை கவலைப்பட்டார்.

"இது மரக்கட்டை. மண்டைக்குள்ளை ஒண்டும் இல்லை எண்டு சொல்லு."

நான் விழித்தேன்.

"சொல்லடி. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

சொன்னேன். ஆசிரியைக்குத்தான் முகம் சிவந்தது.

அப்படியே பழகிவிட்டது. அனுமதி அட்டை, வாடகை, காப்புறுதி என்று தமிழ் வீடுகளுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் வாசித்துச் சொன்னேன். "பிள்ளை கூட்டிக் குறைச்சுச் சொல்லாது" என்று உங்கள் கூட்டாளி தவம் மாமா எல்லோரிடமும் சொல்வார். என் வாயிலிருந்து வந்தால் அது உண்மை.

எனக்குப் பட்டம் கிடைத்ததற்கு மண்டபத்தில் விருந்து வைத்தீர்கள். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மைக்கைப் பிடித்து நீங்கள் பேசியது இது: "படிச்சு என்ன, நாலு பேருக்கு முன்னாலை ஒரு கதை கதைப்பாளோ? எங்கடை வீட்டிலை பேர் எடுத்தவன் நான் ஒருத்தன்தான். ஏழு விக்கெட்!"

தவம் மாமா எழுந்தார். "அண்ணை, இப்ப உந்தப் பழைய ஆட்டமெல்லாம் போனிலை கிடக்குதாம். பிள்ளை, ஒருக்கா எடுத்து வாசி பாப்பம்."

அன்று காலை, நான் படித்த பேர்ணிலிருந்து ரயிலில் வரும்போதே தேடிப் பார்த்திருந்தேன். நன்றியுரையில் உங்களைப் பற்றிப் பெருமையாக ஒரு வரி சொல்ல நினைத்தேன். உங்கள் பெயருக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. கவுண்டியின் முதல் அணிக்கு ஒன்று, அதற்குக் கீழான இரண்டாம் அணிக்கு ஒன்று. அந்த ஏழு விக்கெட்டும் இரண்டாம் அணிப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் பொய் சொல்லவில்லை. எந்த அணி என்பதை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

முதல் பக்கத்தை மட்டும் வாசித்தேன். "ஆட்டம் ரெண்டு. விக்கெட் ஒண்டு."

மண்டபம் வெடித்தது. "அண்ணை, அந்த ஒருத்தனும் நித்திரையிலை நிண்டவனோ?"

"மற்றப் பக்கம் ஒண்டு இருக்கும். பார் பிள்ளை." உங்கள் குரல் அவ்வளவு சிறுத்து நான் கேட்டதே இல்லை.

"இல்லையப்பா. இதுதான் காட்டுது."

போனை அணைத்தேன். இரண்டாம் அணி என்று நீங்களே சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருடம் மறைத்ததும் வெளியே வந்துவிடும். மைக்கை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தீர்கள். எனக்கு அது இனித்தது, அப்பா.

அதன்பின் ஊருக்குள் நீங்கள் 'ஒத்தை விக்கெட்டர்'. மைதானத்துக்குப் போவதை நிறுத்தினீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் இதயத்தைப் பற்றிச் சொன்னதை முழுதாக மொழிபெயர்த்தேன். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் அகலம்தான். அந்தப் பக்கத்தைப் பற்றி அப்போதும் நான் சொல்லவில்லை.

உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டில் தவம் மாமா பெருமூச்சு விட்டார். "ஒத்தை விக்கெட்டர் போயிட்டார், பாவம்."

நான் எழுந்தேன். யாரும் கேட்காமல் நாலு பேருக்கு முன்னால் நான் பேசியது அன்றுதான். இரண்டாம் அணிப் பக்கத்தைத் திறந்து ஏழையும் வாசித்தேன். 

தவம் மாமா என் தலையைத் தடவினார். "விளங்குது பிள்ளை. தகப்பன் அல்லோ."

"இதிலை கிடக்குது மாமா. பாருங்கோ."

அவர் போனைப் பார்க்கவே இல்லை. "உனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முகத்திலை தெரியுது. இரு, சாப்பிடு."

அந்த ஏழு பேரின் பெயரும் எனக்கு மனப்பாடம். நான்கு பேர் பிடி கொடுத்தவர்கள், மூன்று பேருக்கு விக்கெட் தடி பறந்தது. நான் சொன்னால் இனி யாரும் நம்பமாட்டார்கள்.